இரவில் நான்கு முறை எழுகிறேன்: புராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

கடிதம் எழுதிய வாசகருக்கு வயது 61, எடை 84 கிலோ. கணக்கு எழுதும் வேலையில் 35 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளாக இரவில் மூன்று முறை, சில நாள் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்துகொள்கிறார். பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டுக்குள் முதல் விழிப்பு வந்துவிடுகிறது. ஸ்கேனில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப் பைக்குக் கீழே சிறுநீர் வழியைச் சுற்றியிருக்கும் சுரப்பி) 34 கிராம், பெரிதாகியிருக்கிறது என்று அறிக்கை. சிறுநீர் கழித்த பின் சிறுநீர்ப் பையில் மிச்சம் நிற்பது 25 மி.லி. புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையான பிஎஸ்ஏ 1.6. சர்க்கரையும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினினும் சரியாக இருக்கின்றன. புராஸ்டேட் தொந்தரவுக்கான டாம்சுலோசின் மாத்திரையை ஆறு மாதமாகச் சாப்பிட்டும் பலன் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் 10 மி.கி. சாப்பிடுகிறார். மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீரையே தொடுவதில்லை. போன மாதம் ஓர் இரவு குளியலறை வாசலில் விழுந்து மணிக்கட்டில் அடி. ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். தன் தூக்க மாத்திரையில் ஓர் அட்டையைக் கொடுத்திருக்கிறார் ஒரு நண்பர். வாசகர் கேட்பது மூன்று: ஆபரேஷன் செய்துகொள்ளலாமா, தூக்க மாத்திரை போடலாமா, என் சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டதா?

அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பயம்தான் கடிதம் முழுக்க உங்களைத் துரத்துகிறது. கிரியேட்டினின் சரியாக இருக்கிறது, சிறுநீர் தாராளமாகப் போகிறது. இதை வைத்துக்கொண்டு சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் பரிசோதனை மட்டும் உங்கள் அறிக்கைகளில் இல்லை. ரத்த அழுத்தம் உள்ளவர் என்பதால் அதை ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் இந்தக் கவலையைச் சுமக்க வேண்டியதில்லை.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் என் பதில் ஒன்றுதான்: இப்போதைக்கு வேண்டாம். நான் சிறுநீரக அறுவை மருத்துவன். புராஸ்டேட்டை அறுப்பது என் பிழைப்பு. அப்படிப்பட்டவனே வேண்டாம் என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துப் பொறுமையாகப் படியுங்கள்.

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் புராஸ்டேட்டைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஐந்து வரிகள். "ஒவ்வொரு முறையும் நிறையவே போகிறது." "பகலில் ஒரு தொல்லையும் கிடையாது, மூன்று மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்தே வருவேன்." "வாய் வறண்டு போய் எழுகிறேன், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பேன்." "சாயங்காலமானால் செருப்பு இறுக்குகிறது." ஐந்தாவது வரியை வேடிக்கையாக எழுதியிருந்தீர்கள்: "என் குறட்டைக்குப் பயந்து மனைவி பக்கத்து அறைக்குக் குடிபோய் ஒரு வருஷமாகிறது."

இந்த ஐந்தில் ஒன்றுகூடப் புராஸ்டேட்டைக் கை காட்டவில்லை.

புராஸ்டேட் பெரிதாகி வழியை நெருக்கினால் என்ன நடக்கும்? வருவதற்கே நேரமாகும். வேகம் குறையும், முக்க வேண்டியிருக்கும், முடிந்தது என்று நினைத்த பிறகும் சொட்டும். பை முழுதாகக் காலியாகாமல் மீண்டும் சீக்கிரம் நிரம்பும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போகும். அதுவும் இரவில் மட்டுமா? புராஸ்டேட்டுக்கு ராத்திரி பகல் தெரியாது. பகலில் மூன்று மணி நேரம் தாங்குகிற பை, இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறைய நிறையக் காலியாகிறது என்றால், பை சரியாகத்தான் இருக்கிறது. அதற்குள் வந்து விழுவதுதான் அதிகம். குழாயில் வரத்து கூடினால் தொட்டியை இடித்துக் கட்டி என்ன பயன்?

34 கிராம் என்ற எண்ணும் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. இளவயது ஆணுக்கு 20 கிராமுக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். அறுபதில் முப்பதைத் தாண்டுவது தலை நரைப்பது போல. அளவுக்கும் தொந்தரவுக்கும் நேர்க்கணக்கு கிடையாது. 80 கிராம் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். பையில் 25 மி.லி. மிச்சம் நிற்பது மிகவும் நல்ல செய்தி. ஏறக்குறைய முழுதாகக் காலியாகிறது என்று பொருள்.

இரவில் சிறுநீருக்காக விழிப்பதற்கு மருத்துவத்தில் நாக்டூரியா என்று பெயர். காய்ச்சல் என்பது போலத்தான் அதுவும். தொந்தரவுக்கு வைத்த பெயர், நோயைச் சொல்லாது. அறுபது வயதில் இரவில் ஒரு முறை எழுவதைப் பெரும்பாலும் நாங்கள் பொருட்படுத்துவதில்லை. எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, ஒரு முறை எழுகிறேன். இரண்டும் அதற்கு மேலும் ஆகும்போதுதான் தூக்கம் கெட்டு, மறுநாளும் கெடுகிறது. அதனால் நம் இலக்கு பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நான்கை ஒன்றாக்க வேண்டும். அதைவிட முக்கியம், பத்து மணிக்குப் படுத்தவர் இரண்டு மணி வரை எழாமல் இருக்க வேண்டும். ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி முதல் மூன்று நான்கு மணி நேரத்தில்தான் அடங்கியிருக்கிறது. உங்களுக்குப் பன்னிரண்டு மணிக்கே விழிப்பு வருகிறது, நல்ல தூக்கம் பாதியில் அறுந்துவிடுகிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் காலையில் களைப்பாக இருக்கிறது என்று எழுதியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்று நாள் கணக்கு

முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு எழுதியவரிடம் இதைக் கேட்பது எனக்கு எளிது. இவ்வளவு பரிசோதனைகளுக்கும் நடுவே உங்கள் சிறுநீரை யாரும் அளந்து பார்க்கவில்லை. மூன்று நாள், முழுதாக 24 மணி நேரமும், ஒவ்வொரு முறை போகும்போதும் அளவுக்குவளையில் பிடித்து மணியையும் மி.லி.யையும் எழுதுங்கள். பக்கத்தில் இன்னொரு பத்தியில் குடித்தது எல்லாம்: தண்ணீர், காபி, மோர், பழச்சாறு, எதுவானாலும். படுத்த நேரம், எழுந்த நேரம். தொடர்ந்து மூன்று நாளாக இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் இருக்கிற நாட்களாகப் பார்த்து எழுதலாம். வழக்கத்தை மாற்றாமல் எழுதுங்கள். எனக்குக் காட்டுவதற்காக ஒழுங்காக இருந்துவிட்டால் கணக்கு பொய் சொல்லும்.

கூட்டும்போது ஒரு இடத்தில் எல்லோரும் தவறுவார்கள். படுக்கப் போகும் முன் கடைசியாகப் போனது பகல் கணக்கு. காலையில் எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீர் இரவுக் கணக்கு, ஏனென்றால் அது இரவில் உற்பத்தியானது. உதாரணத்துக்கு, 24 மணி நேரத்தில் மொத்தம் 2000 மி.லி.; அதில் இரவில் எழுந்து போனதும் காலை முதல் சிறுநீரும் சேர்ந்து 900 மி.லி. என்றால், இரவின் பங்கு 45 சதவீதம். இளவயதில் 20 சதவீதத்துக்குள்ளும், 65 வயதுக்கு மேல் 33 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நீங்கள் இரண்டுக்கும் நடுவே இருக்கிறீர்கள். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் உங்கள் சிக்கல் இரவு உற்பத்தி என்பது உறுதி.

வேறு விடைகளும் வரலாம். 24 மணி நேர மொத்தம் எடையில் கிலோவுக்கு 40 மி.லி.யைத் தாண்டினால், உங்கள் எடைக்கு ஏறத்தாழ 3.4 லிட்டர், பகலும் இரவும் சேர்ந்தே அதிகம் என்று பொருள். அப்போது குடிக்கும் அளவையும் சர்க்கரையையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 100, 150 மி.லி.தான் போகிறது என்றால் நான் மேலே சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பையையும் புராஸ்டேட்டையும் சந்தேகிப்பேன். நிறைய என்று நீங்கள் எழுதியிருப்பதை நம்புகிறேன். ஆனாலும் தூக்கக் கலக்கத்தில் கண் போடும் அளவை நம்பி வைத்தியம் செய்ய மாட்டேன்.

காலில் தேங்கி, படுத்ததும் இறங்கும் நீர்

மாலையில் செருப்பு இறுக்குகிறது என்றால் கணுக்காலில் நீர் தேங்குகிறது. பகல் முழுக்க உட்கார்ந்தும் நின்றும் இருக்கையில் கீழே இறங்கித் தங்கிய நீர், நீங்கள் படுத்ததும் மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. ரத்தத்துக்கு வந்தால் சிறுநீரகத்துக்கு வரும், சிறுநீரகத்துக்கு வந்தால் பைக்கு வரும். நீங்கள் நான்கு மணிக்கே தண்ணீரை நிறுத்தியும் பலன் இல்லாததற்கு இது ஒரு விளக்கம். இரவில் சிறுநீராகப் போகும் நீரைப் பகலிலேயே குடித்துக் காலில் சேமித்து வைத்துவிடுகிறீர்கள்.

வீக்கத்துக்குக் காரணம் என்ன? நீங்கள் சாப்பிடும் ஆம்லோடிபின் கணுக்கால் வீக்கத்துக்குப் பேர்போன மருந்து. 5 மி.கி.யைவிட 10 மி.கி.யில் அதிகம் வரும். 10 மி.கி.க்கு ஏற்றியது எப்போது என்று பழைய சீட்டைப் பாருங்கள். இரவு விழிப்பும் அதை ஒட்டித் தொடங்கியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறினால் அது இதைவிடப் பெரிய வினை. உங்கள் பிபி மருத்துவரிடம் வீக்கத்தையும் இரவு விழிப்பையும் சேர்த்துச் சொல்லி, அளவைக் குறைக்கலாமா, வேறு வகை மருந்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். மாற்ற நல்ல மருந்துகள் இருக்கின்றன. மருந்தின் மேல் பழியைப் போடும் முன் இதயம், ரத்தக் குழாய்கள், ஈரல் ஆகியவற்றையும் அவர் ஒரு பார்வை பார்ப்பார். இரண்டு காலிலும் வீக்கம் என்றால் அது வழக்கமான ஒழுங்கு.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதை இன்றே தொடங்கலாம். மாலையில் ஒரு மணி நேரம், படுக்கப் போவதற்குச் சில மணி நேரம் முன்பாக, காலை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வைத்துப் படுத்திருங்கள். தேங்கிய நீர் அப்போதே திரும்பி, விழித்திருக்கும்போதே வெளியேறிவிடும். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் நீட்டினால் போதாது, கால் இடுப்புக்கு மேலே போக வேண்டும். மாலை நடையும் உதவும். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் நீரை மேலே தள்ளுகிறது. அழுத்தம் தரும் காலுறையைக் காலையில் வீக்கம் இல்லாதபோது போட்டு இரவில் கழற்றுவதும் ஒரு வழி. ஆனால் காலில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் பார்த்த பிறகே அதை அணிய வேண்டும்.

குறட்டை வேடிக்கை இல்லை

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி இதுதான். நீங்கள் சிரித்துக்கொண்டு எழுதிய வரியும் இதுதான்.

பலத்த குறட்டை, வாய் வறண்டு விழிப்பது, காலைத் தலைவலி, பகலில் செய்தித்தாள் கையில் இருக்கும்போதே கண் சொக்குவது, ரத்த அழுத்தம். இவை எல்லாம் உங்கள் கடிதத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. வறட்சிக்கும் தலைவலிக்கும் தண்ணீர் குடிக்காததைக் காரணமாகச் சொல்கிறீர்கள். நான் தூக்கத்தில் மூச்சு அடைபடுவதைச் சந்தேகிக்கிறேன். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி மூடிக்கொள்கிறது. பத்து நொடி, இருபது நொடி, சில சமயம் அதற்கும் மேலே. நெஞ்சு காற்றை இழுக்கப் போராடுகிறது, வழி திறக்கவில்லை. அந்த இழுப்பில் இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. விரிந்த இதயம், உடம்பில் நீர் மிகுந்துவிட்டது என்று தவறாக எண்ணி ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. உப்பையும் நீரையும் வெளியே தள்ளு என்பது அது சிறுநீரகத்துக்குச் சொல்லும் செய்தி. சிறுநீரகம் சொன்னதைச் செய்கிறது.

கூடவே ஒவ்வொரு அடைப்பின் முடிவிலும் மூளை லேசாக விழிக்கிறது. விழித்தவருக்குப் பை நிரம்பியிருப்பது தெரிகிறது, எழுந்து போகிறார். "யூரின் எழுப்பியது" என்றுதான் காலையில் நினைவிருக்கும். எழுப்பியது மூச்சாக இருக்கலாம். பிறகு வாய் வறட்சிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அது அடுத்த சுற்றுக்கு வரவு. நான்கு மணிக்கு மேல் தண்ணீரைத் தொடுவதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் இரவில் இரண்டு மூன்று டம்ளர் கணக்கு காட்டியிருக்கிறீர்கள், ஐயா. கணக்காளர் கண்ணுக்கு இது எப்படித் தப்பியது?

உங்கள் மனைவியை ஓர் இரவு அதே அறையில் படுக்கச் சொல்லி, குறட்டை நடுவில் சட்டென்று நின்று, பிறகு திணறலோடு தொடங்குகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் பொறுத்தவர் இன்னும் ஓர் இரவு பொறுப்பார். செல்போனில் பதிவு செய்தாலும் சரி. கழுத்துச் சுற்றளவை அளந்து பாருங்கள், 40 செ.மீ.யைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். இவற்றோடு நுரையீரல் மருத்துவரையோ காது மூக்குத் தொண்டை மருத்துவரையோ பார்த்துத் தூக்கப் பரிசோதனைக்குக் கேளுங்கள். இப்போது வீட்டிலேயே ஓர் இரவு கருவியை மாட்டிக்கொண்டு எடுக்கும் வசதியும் இருக்கிறது. மூச்சடைப்பு உறுதியானால், மூச்சுவழியைத் திறந்தே வைத்திருக்கும் சிபாப் முகமூடி, எடைக் குறைப்பு, பக்கவாட்டில் படுப்பது என்று வழிகள் உண்டு. முகமூடி போட்ட சில நாளிலேயே இரவு விழிப்பு பாதியாகக் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் எல்லோரும் அதைத் திட்டுவார்கள். பொறுத்துக்கொண்டவர்கள் ஊருக்குப் போகும்போதும் அதைப் பையில் வைத்து எடுத்துப் போகிறார்கள்.

தண்ணீரும் உப்பும்

நான்கு மணிக்குத் தண்ணீரை நிறுத்துவது தேவையில்லாத தவம். நாள் முழுக்கக் குறைத்துக் குடித்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், மலச்சிக்கல் வரும், கல் உண்டாகவும் வாய்ப்பு கூடும். காலையிலும் மதியமும் தாராளமாகக் குடியுங்கள். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து குறையுங்கள். இரவில் வாய் வறண்டால் ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும். காபி, டீயை மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகிறது. மதுப் பழக்கம் இருந்தால், அது சிறுநீரைக் கூட்டும், குறட்டையையும் கூட்டும்.

தண்ணீரைக் குறைத்த அளவுக்கு நீங்கள் உப்பை நினைக்கவே இல்லை. உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றத் தண்ணீர் வேண்டும். பகலில் முடிக்காத அந்த வேலையைச் சிறுநீரகம் இரவில் முடிக்கிறது. ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தினமும் 10.7 கிராம் உப்பு சாப்பிட்டவர்கள் 8 கிராமாகக் குறைத்தபோது, இரவில் எழுவது சராசரியாக 2.3 முறையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. ஒரே ஓர் ஆய்வை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உப்பைக் குறைப்பதால் உங்கள் ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் லாபம்தான், நஷ்டம் ஏதுமில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள். முதலில் இரவுச் சாப்பாட்டில் தொடங்குங்கள். பாக்கெட் தின்பண்டங்களை விடுங்கள்.

படுக்கும் முன் ஐந்து முறை போய்விட்டு வருவதாக எழுதியிருந்தீர்கள். ஒரு முறை போதும். வேண்டுமானால் முடித்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து இன்னொரு முறை முயலுங்கள். வராததை வரவழைப்பது பையைச் சின்ன அளவுக்கே பழக்கும்.

ஆபரேஷனும் மாத்திரைகளும்

புராஸ்டேட் ஆபரேஷன் நல்ல ஆபரேஷன். வேகம் வரும், முக்கல் போகும். ஆனால் அது குணமாக்கும் தொந்தரவுகளில் இரவு விழிப்புதான் கடைசி வரிசையில் நிற்கிறது என்பது எங்கள் துறையில் எல்லோரும் அறிந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்து, சிறுநீர் அருவி போல வந்து, இரவில் மட்டும் பழையபடி நான்கு முறை எழுகிறவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். வழக்கமான புராஸ்டேட் அறுவைக்குப் பின் பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் பைக்குள் திரும்பிவிடும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொள்வது, திரும்பத் திரும்பத் தொற்று, பையில் கல், சிறுநீரக வீக்கம் இவை இருந்தால் நானே கையைப் பிடித்து அழைத்துப் போவேன். உங்களுக்கு ஒன்றும் இல்லை. அவசரமும் இல்லை. சிறுநீர் வேகத்தை அளந்து பார்த்தீர்களா, எதை எதிர்பார்த்து அறுக்கிறோம் என்று அந்த மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் அறிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்கி இன்னொருவரிடம் காட்டுவது உங்கள் உரிமை. அதில் யாருக்கும் அவமரியாதை கிடையாது.

டாம்சுலோசின் வேலை செய்வதானால் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகும் ஏன் தொடர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள். எப்போதாவது கண்புரை அறுவை செய்ய நேர்ந்தால், இதைச் சாப்பிட்டதைக் கண் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

நண்பரின் தூக்க மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பையை உறங்க வைக்காது. மூச்சடைப்பு இருந்தால் அதை மோசமாக்கக்கூடும். நடுராத்திரியில் தள்ளாடி எழ வைக்கும். தூக்கம் வருவதற்காக அலர்ஜி மாத்திரை போடுகிறவர்களும் உண்டு. பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் புராஸ்டேட் பெரிதானவருக்குச் சிறுநீரை அடைத்துவிடக்கூடும்.

இரவில் சிறுநீரைக் குறைக்கும் மாத்திரை ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டிருந்தீர்கள். டெஸ்மோப்ரஸின். இரவில் நீரைச் சேமித்து வைக்க மூளை சுரக்கும் வாசோப்ரஸின் வயதாக ஆகக் குறைகிறது. அதற்கு ஈடாக இதைக் கொடுப்பார்கள். வேலை செய்யும் மருந்துதான். ஆனால் ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும்; தலைவலி, குமட்டல், குழப்பம், மோசமானால் வலிப்பு. தொடங்கும் முன்னும், முதல் வாரத்திலும், ஒரு மாதத்திலும் சோடியம் பார்க்காமல் இதைத் தொடக் கூடாது. காலில் நீர் தேங்குகிறவருக்கு, காரணம் தெரியும் முன் இதை நான் எழுத மாட்டேன்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது

சிறுநீரில் ரத்தம், ஒரேயடியாகப் போக முடியாமல் அடைத்துக்கொள்வது, காய்ச்சலோடு எரிச்சல், படுத்தால் மூச்சு முட்டுவது, தாங்க முடியாத தாகத்தோடு எடை குறைவது, தெரியாமல் படுக்கை நனைவது, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அந்த இரவு விழுந்தது

இதைப் பற்றி நீங்கள் கேள்வியே கேட்கவில்லை. மேலே சொன்னவை எல்லாம் பலன் தர வாரங்கள் ஆகும். அடுத்த சறுக்கல் இன்றிரவே நடக்கலாம். டாம்சுலோசினும் பிபி மாத்திரையும் சேர்ந்து, சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தத்தை இறக்கும். விழித்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள், பிறகு நில்லுங்கள். கழிவறையில் இரவில் மட்டுமாவது உட்கார்ந்தே போங்கள். நின்று போகும்போது மயங்கி விழும் ஆண்கள் உண்டு. வழி நெடுகத் தரை மட்டத்தில் மங்கலான மஞ்சள் விளக்கு எரியட்டும். பளிச்சென்ற வெள்ளை விளக்கைப் போட்டால் திரும்ப வந்து படுத்ததும் தூக்கம் வராது. கால்மிதியை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பதிலாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் சிறுநீர்ப் பாத்திரம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நோயாளிகளுக்கானது என்று வெட்கப்பட்டு நீங்கள் மறுத்ததாக உங்கள் மனைவி அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அளவுக்கோடு போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று நாள் கணக்கு எழுத எப்படியும் ஒன்று தேவைப்படும்.